விலையும் கொடையும்: கே. பி. சுந்தராம்பாள் வாழ்வு காட்டும் நெறி

தமிழ் மேடைக் கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரண்டு செய்திகளைத் தவறாமல் குறிப்பிடுவர். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு திரைப்படத்திற்காக நடிகை ஒருவர் ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார் என்பது ஒன்று. விடுதலை இயக்கத்தின் மேடைகளில் ஊர் ஊராகச் சென்று, ஊதியம் கருதாமல் ஒரு பெண்மணி பாடினார் என்பது மற்றொன்று. இரண்டையும் செய்தவர் ஒருவரே. அவர்தாம் கொடுமுடி கோகிலம் என்று மக்கள் அன்புடன் அழைத்த கே. பி. சுந்தராம்பாள்.

விலை சொன்ன வாயே விலையின்றியும் பாடியது எவ்வாறு? இது முரண்பாடா, அன்றி ஒரே மனத்தின் இரு பக்கங்களா? இவ்வினா பழைய நாடக மேடையோடு முடிந்துபோன ஒன்றன்று. பாட வருக, ஆட வருக, கவிதை படிக்க வருக என்று கலைஞரை அழைப்போர், பணம் தர இயலாது, ஆனால் மேடை தருகிறோம், உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியும் என்று சொல்வது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பெயர் பரவுவது ஊதியத்திற்கு ஈடாகுமா என்பதைச் சுந்தராம்பாளின் வாழ்க்கையை அடியொற்றி ஆராய்வது பயனுடையதாகும்.

காவிரிக் கரையில்

இன்றைய ஈரோடு மாவட்டத்தில், காவிரியின் கரையில் அமைந்த ஊர் கொடுமுடி. கொங்கு நாட்டுப் பாடல் பெற்ற ஏழு தலங்களுள் ஒன்று. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய பெருமையுடையது. சுந்தராம்பாள் இவ்வூரில் 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். அவர் பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகள் ஊரையும் தாயையும் குறிப்பனவே. தந்தையின் துணையின்றி, தாயின் உழைப்பில் வளர்ந்த வறிய குடும்பம் அது.

ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் இருப்புப்பாதை கொடுமுடியைத் தொட்டுச் செல்கிறது. அப்பாதையில் ஓடும் வண்டிகளில் சிறுமி சுந்தராம்பாள் பாடிக் காசு பெற்றார் என்பது அவர் வரலாற்றைக் கூறுவோர் அனைவரும் சொல்லும் செய்தி. இதனை இரக்கத்திற்குரிய காட்சியாக மட்டும் கண்டு கடந்து செல்வது பொருந்தாது. அது ஒரு சிறுமியின் உழைப்பு. வண்டியில் அமர்ந்திருப்போர் கேட்டனர்; கேட்டோரில் மனமிருந்தோர் காசு கொடுத்தனர். பாட்டுக்கும் பசிக்கும் இடையே வேறு எவரும் நிற்கவில்லை. குரலால் குடும்பத்திற்கு உணவு கொண்டுவர முடியும் என்பதை அவர் கற்றது எந்த அரங்கிலும் அன்று. ஓடும் வண்டியின் பலகை இருக்கைகளுக்கு இடையில்.

அந்தக் குரல் எஃப். ஜி. நடேச ஐயரின் செவியில் விழுந்தது. இருப்புப்பாதைத் துறையில் அலுவலர். நாடகத்தில் பெருவிருப்பம் கொண்ட நடிகர். திருச்சிராப்பள்ளியில் ரசிக ரஞ்சன சபையை நிறுவியவர். நல்ல குரலை அறியும் செவி அவருக்கு இருந்தது. அவர் அச்சிறுமியை நாடகக் குழு நடத்திவந்த பி. எஸ். வேலு நாயரிடம் அறிமுகப்படுத்தினார். சுந்தராம்பாளுக்குக் கிடைத்த முதல் வெளிச்சம் அதுவே. அந்த வெளிச்சம் எத்தகையது என்பதைக் கருத வேண்டும். ஒரு குரலைக் கேட்டவர், அக்குரலை உழைப்புக்கு ஊதியம் தரும் இடத்திற்கு வழிகாட்டினார். அறிமுகம் வேலைக்கு வழியாக அமைந்தது. வேலைக்குரிய கூலியாக அமையவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதிலிருந்துதான் பின்னாளைய தீமைகள் பல பிறக்கின்றன.

சிறுமி ஏற்ற தொடக்க கால வேடங்களுள் ஒன்று நல்லதங்காள் நாடகத்தில் வரும் பிள்ளை வேடம். பஞ்சத்தால் பசித்துத் தாயிடம் சோறு கேட்டு அழும் குழந்தை. பசியை அறிந்த குழந்தை பசித்த குழந்தையாக மேடையில் நின்று பாடியபோது அவையோர் உருகினர். அந்த உருக்கத்தை அவர் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

மேடையின் கணக்கு

அக்காலத்து நாடக உலகின் நடைமுறையை அறிந்தால்தான் சுந்தராம்பாள் பின்னர் எடுத்த முடிவுகளின் பொருள் விளங்கும். ஒருபுறம் சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. வறுமையால் பெற்றோர் கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகளுக்கு அங்கே சோறும் உடையும் பயிற்சியும் கிடைத்தன; சம்பளம் என்று பெயரளவில் ஏதோ கிடைத்தது. பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சராக உயர்ந்த எம். ஜி. இராமச்சந்திரனும் வறுமையின் காரணமாகவே தம் தமையனாருடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். அக்கம்பெனிகள் பெருங்கலைஞர்களை உருவாக்கின என்பது உண்மை. ஆனால் புகழ்பெற்ற சிலரின் பெயரைச் சொல்லி, பெயர் தெரியாமல் மறைந்த பல பிள்ளைகளின் உழைப்பை மறந்துவிடுவதற்கில்லை.

மறுபுறம் ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை இருந்தது. காண்ட்ராக்டர் ஒருவர் கொட்டகையை வாடகைக்கு எடுப்பார், நோட்டீஸ் அச்சிடுவார், வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்களைத் தனித்தனியாக ஓர் இரவுக்கு என்று பேசி வரவழைப்பார். ஒத்திகை என்பதே பெரும்பாலும் இராது. கதையும் பாட்டும் எல்லோர்க்கும் மனப்பாடம். இராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடையிலேயே முதன்முறையாகச் சந்தித்துக்கொள்வதும் உண்டு. இம்முறையில் நடிகரின் மதிப்பு ஓர் இரவுக்கான தொகையாகவே வெளிப்பட்டது. முன்பணம் பெறாமல் வண்டி ஏறிய நடிகர், வசூல் குறைந்த இரவில் வெறுங்கையோடு ஊர் திரும்பவும் நேர்ந்தது. ஆகவே கூலியை முதலில் பேசுவது பேராசை அன்று; பட்டறிவு கற்பித்த பாடம்.

புகழ் மட்டும் ஒருவரைக் காக்காது என்பதற்கும் அம்மேடையிலேயே சான்று இருந்தது. கும்பகோணத்தில் பெண்களைக் கொண்டே நாடகக் குழு நடத்திய பாலாமணி அம்மாளின் நாடகத்தைக் காண மக்கள் வெளியூர்களிலிருந்து திரண்டு வந்தனர். அதற்காகத் தனி இரயில் ஓடியது என்று சொல்லும் அளவுக்கு அவர் புகழ் பரவியிருந்தது. அத்தகைய பாலாமணி தம் இறுதிக் காலத்தில் வறுமையில் வாடினார் என்று நாடக வரலாறு கூறுகிறது. அடுத்த தலைமுறையில் மேடையேறிய பெண்களுக்கு இவ்வரலாறு தெரியாதிருந்திருக்க இயலாது.

பெண் கலைஞருக்கு மற்றொரு சுமையும் இருந்தது. மேடையேறும் பெண்ணைச் சமுதாயம் கண்டு களித்தது. ஆனால் மதித்து வீட்டிற்குள் அழைக்கவில்லை. ஆணுக்குக் கலை ஒரு தொழில் என்று ஒப்புக்கொண்டவர்கள், பெண்ணின் கலையைத் தொழிலாக ஏற்கத் தயங்கினர். தொழில் என்று ஏற்றால் அதற்குரிய விலையையும் ஏற்க வேண்டும் அல்லவா?

கிட்டப்பாவுடன்

இலங்கையில் தமிழ் நாடகங்களுக்கு அக்காலத்தில் பெருவரவேற்பு இருந்தது. கொழும்பு நகரின் மேடைகளில் சுந்தராம்பாள் பெரும்புகழ் பெற்றார். 1920களில் அங்கேதான் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் அவர் இணைந்து நடிக்கத் தொடங்கினார். 1906இல் செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பா, இளம்பிள்ளையாக இருந்தபோதே தமையன்மாருடன் மேடையேறியவர். கன்னையா கம்பெனியின் நாடகங்களால் நாடெங்கும் பெயர்பெற்றவர். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் கொட்டகையின் கடைசி வரிசை வரை எட்டும் உச்சக் குரல் அவருக்கு இருந்தது. அதற்கு ஈடுகொடுத்து நின்ற குரல் சுந்தராம்பாளுடையது.

இருவரும் தோன்றிய வள்ளி திருமணம் போன்ற நாடகங்களைக் காண விடிய விடிய மக்கள் அமர்ந்திருந்தனர். இருவர் பாட்டும் கிராமபோன் இசைத்தட்டுகளில் பதிவாகி வீடுகளைச் சென்றடைந்தன. கலையில் இணைந்தவர்கள் வாழ்விலும் இணைந்தனர். கிட்டப்பா முன்னரே மணமானவர். ஆகவே அவ்வாழ்வில் இன்பத்தினும் பிரிவும் ஊடலும் மனவேதனையுமே மிகுந்தன. பிறந்த ஒரே குழந்தை சில நாள்களிலேயே இறந்தது. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் வெளிவந்து, மேடையில் முழங்கிய அக்குரலின் மறுபக்கத்தைத் தமிழுலகிற்குக் காட்டின.

உடல் நலிந்த நிலையிலும் கிட்டப்பா மேடையேறினார். ஒத்துக்கொண்ட நாடகம், காத்திருக்கும் கூட்டம், கைதட்டல் ஆகியவை ஒரு கலைஞனை எவ்வளவு தொலைவு இழுத்துச் செல்லும் என்பதற்கு அவர் வாழ்வு ஓர் எச்சரிக்கை. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், முப்பது வயதைக்கூட எட்டாமல் அவர் மறைந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது இருபத்தைந்து. அவர் வெள்ளுடை பூண்டார், அணிகலன்களைத் துறந்தார், இனி எந்த ஆண் நடிகருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அவ்வுறுதியை இறுதிவரை காத்தார். புகழின் உச்சியில் இருந்த நடிகை ஒருவர் தம் தொழிலின் பெரும்பகுதியைத் தாமே மூடிக்கொண்டார் என்பது இதன் பொருள். அதற்குப் பின்னும் அவரை நம்பிக் குடும்பம் இருந்தது. வருமானம் குன்றலாம், தம் முடிவு குன்றக் கூடாது என்று அவர் கருதினார்.

ஓர் இலட்சம் ரூபாய்

தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய 1931ஆம் ஆண்டிலிருந்து, நாடக மேடையில் புகழ்பெற்ற பாடகர்களைத் தேடித் தயாரிப்பாளர்கள் அலைந்தனர். அசன்தாஸ் என்பார் நந்தனார் சரித்திரத்தைப் படமாக்க விரும்பிச் சுந்தராம்பாளை அணுகினார். துறவு மனநிலையில் இருந்த அவருக்குத் திரையில் தோன்ற விருப்பமில்லை. வந்தவரை மறுத்து அனுப்பும் வழியாக, எவரும் கொடுக்க முன்வராத தொகை ஒன்றைச் சொல்வோம் என்று கருதி அவர் ஓர் இலட்சம் கேட்டதாகவும், தயாரிப்பாளர் தயங்காமல் ஒப்புக்கொண்டதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகிறது.

அத்தொகையின் அளவை இன்று உணர்வது கடினம். அக்காலத்தில் ஒரு சவரன் பொன் முப்பது ரூபாய்க்கும் குறைவு. எனவே ஓர் இலட்சம் என்பது மூவாயிரம் சவரனுக்கும் மேற்பட்ட பொன். இந்தியத் திரையுலகில் ஓர் இலட்சம் பெற்ற முதல் கலைஞர் அவரே என்று திரைப்பட வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

அவர் ஏற்ற வேடம் நந்தனார். ஆண் வேடம், அதிலும் அடியார் வேடம். எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என்னும் உறுதிக்கு அதில் இழுக்கில்லை. வேதியராக நடித்தவர் கருநாடக இசை மேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படத்தை இயக்கியவர் மாணிக்லால் டாண்டன். 1935இல் வெளிவந்த அப்படத்தைப் பற்றிப் பேசியோர் பலரும் படத்தினும் மிகுதியாக அந்தத் தொகையைப் பற்றியே பேசினர். ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமரிசனம் அப்படத்தைக் கேலியும் கண்டிப்புமாகத் தாக்கியது. படத்தில் தோன்றிய மரத்தையும் விலங்குகளையும் நடிகர்களினும் மேலாக அது புகழ்ந்தது. பெரும்பணம் செலவிட்ட படம் பெரும்படமாக அமையவில்லை என்பதைச் சுந்தராம்பாளின் அன்பர்களும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆயினும் ஒன்று நிகழ்ந்தது. நடிகையின் குரலுக்கு விலை உண்டு, அவ்விலையைச் சொல்பவர் அந்த நடிகையே என்பது நாடறிந்த செய்தியாயிற்று. தயாரிப்பாளர் ஒருவர் முதலீடு செய்கிறார். அக்குரலை நம்பிக் கொட்டகைகளில் சீட்டு விற்கிறார். அந்த வருவாயில் குரலுக்கு உரியவர்க்குப் பங்கு வேண்டும் என்பதில் என்ன தவறு இருக்க முடியும்? கிட்டப்பாவின் துணைவி, கைம்பெண், படம் வெளிவந்தால் மேலும் புகழ் வரும், அதுவே போதும் என்று எவரும் அவரிடம் சொல்ல இயலாதவாறு அந்தத் தொகை காவல் நின்றது. விருப்பமில்லாத ஒன்றை மறுப்பதற்காகச் சொன்ன விலையாகவே இருந்தாலும், மறுக்கும் உரிமை உடையவர்க்கே விலை சொல்லும் உரிமையும் வாய்க்கிறது என்பதை அந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது.

விலையில்லாப் பாட்டு

விடுதலை இயக்கத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி நாடகக் கலையில் ஈடுபாடு கொண்டவர். தாமே மேடையில் நடித்தவர். கலைஞர்களை இழிவாகக் கருதிய காலத்தில் அவர்களை நாட்டுப் பணிக்கு உரியவர்களாக மதித்து அழைத்தவர். அவருடைய தூண்டுதலால் சுந்தராம்பாள் காங்கிரசு மேடைகளில் பாடினார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலின்போது அவர் குரல் தமிழகமெங்கும் ஒலித்தது. தலைவர்களின் சொற்பொழிவுக்கு முன் அவர் பாட்டு கூட்டத்தைத் திரட்டியது. பாட்டைக் கேட்க வந்தோர் பேச்சையும் கேட்டுச் சென்றனர்.

காந்தியடிகள் கொடுமுடியில் அவர் இல்லத்திற்கு வந்தது பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்வர். பொன் தட்டில் உணவு படைத்தாராம் சுந்தராம்பாள். உணவு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று அடிகள் புன்னகையுடன் வினவினாராம். உடனே தட்டையும் அவர் கொடுத்துவிட, அது ஏலம் விடப்பட்டுப் பொதுப்பணிக்குச் சேர்ந்ததாம். பொன் தட்டு வைத்திருந்தவரால்தான் பொன் தட்டைக் கொடுக்க முடிந்தது என்பது இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கும் எளிய உண்மை.

இங்கேதான் முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை தொடங்குகிறது. இலட்சம் கேட்டதும் இலவசமாகப் பாடியதும் முரண்பட்டவை அல்ல. வணிகத்திற்காக வந்தவரிடம் வணிகத்தின் விலையைச் சொன்னார். தாம் நம்பிய கொள்கைக்குத் தாமாகவே கொடுத்தார். முன்னதில் விலையைத் தாமே சொன்னார்; பின்னதில் கொடையைத் தாமே முடிவு செய்தார். இரண்டிலும் முடிவு அவருடையது. விலை உள்ள பொருளைக் கொடுத்தால் அது கொடை. விலையே இல்லை என்று பிறர் தீர்மானித்துவிட்ட பொருளைக் கொடுப்பதில் கொடையும் இல்லை, பெருமையும் இல்லை.

ஆனால் இதற்கு ஒரு மறுப்பும் உண்டு; அதனை மறைப்பது நேர்மையாகாது. இயக்கத்திற்கு அவர் குரல் பயன்பட்டது போலவே, இயக்கத்தால் அவருக்கும் பெயர் வளர்ந்தது. விடுதலைக்குப் பின் 1950களில் சென்னைச் சட்ட மேலவையில் அவர் உறுப்பினராக அமர்ந்தார். சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் திரைக் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவர். அப்படியானால் அவர் இலவசமாகப் பாடியதும் பெயருக்காகத்தானோ என்று ஒருவர் கேட்கலாம். 1930களில் காங்கிரசு மேடை ஏறுவது பாதுகாப்பான முதலீடாக இருக்கவில்லை. ஆட்சி அயலாரிடம் இருந்தது. கதர் உடுத்துவதும் தேசியப் பாட்டுப் பாடுவதும் காவல்துறையின் கண்காணிப்புக்கு உரியனவாக இருந்தன. மேலும் அவர் அம்மேடையை ஏறும் முன்னரே நாடறிந்த பாடகி. அவரால் மேடைக்குப் பெயர் வந்தது என்பதே பொருந்தும். பின்னாளில் வந்த பதவி, கொடுத்தபோது எதிர்பார்த்த விலையன்று.

இந்த மறுப்பினும் கடினமான மற்றொன்று உண்டு. நாடறிந்தவர் இலட்சம் கேட்கலாம். பெயர் இல்லாத இளங்கலைஞர் என்ன கேட்க முடியும்? அவருக்கு மேடையே அரிதன்றோ? இதற்கும் விடை அவருடைய இளமையிலேயே இருக்கிறது. எந்தப் பெயரும் இல்லாத சிறுமியாக இருப்புப்பாதை வண்டியில் பாடியபோதும், கேட்டவர் காசு கொடுத்தார். அந்தக் காசு சிறிது. ஆனால் அது கூலி. இளையவர்க்குக் கூலி குறைவாக இருக்கலாம். இல்லாதிருத்தல் வேறு.

ஔவையாக

1940இல் மணிமேகலையாகத் திரையில் தோன்றிய சுந்தராம்பாள், 1953இல் வெளிவந்த ஔவையார் படத்தில் ஔவையாக வாழ்ந்தார் என்றே சொல்ல வேண்டும். எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அப்படம் பெருவெற்றி பெற்றது. பின்னர் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகவும், 1965இல் திருவிளையாடலில் மீண்டும் ஔவையாகவும் அவர் தோன்றினார். தமிழ் மக்களின் மனக்கண்ணில் ஔவை இன்று எந்த முகத்தோடு தோன்றுகிறாரோ, அது சுந்தராம்பாளின் முகம்.

இப்பொருத்தம் வேடத்தோடு நிற்பதன்று. சங்க காலத்து ஔவை பரிசில் பெற்று வாழ்ந்த புலவர். அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது, அவர் வாயிற்காவலனை நோக்கிப் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. கல்வியும் கைத்திறனும் உடையவர் எத்திசை சென்றாலும் அத்திசையில் அவர்க்கு உணவு உண்டு என்பது அதன் கருத்து. அதில் கெஞ்சுதல் இல்லை. தச்சனின் பிள்ளை மழுவோடு காட்டுக்குள் செல்வதை உவமையாகக் கொள்கிறார். புலமை என்பது மரம் வெட்டும் தொழில் போலவே வாழ்வளிக்கும் ஒரு தொழில் என்று ஔவையே ஒப்புமை காட்டியிருக்கிறார். அதே அதியமானிடம் பெருஞ்சித்திரனார் சென்றார். மன்னன் தம்மைக் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம் தகுதியை அறிந்து கொடுப்பதாயின் அது தினையளவு சிறியதாயினும் இனியது என்றார்.

பரிசிலில் இரண்டு பகுதி உண்டு என்பது இவ்விரு பாடல்களையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும். பொருள் ஒன்று, மதிப்பு மற்றொன்று. பொருளைக் கொடுத்து மதிப்பைக் கொடாதிருந்தால் பெருஞ்சித்திரனார் ஏற்கவில்லை. மதிப்பைக் கொடுப்பதாகச் சொல்லிப் பொருளைக் காலம் தாழ்த்தினால் ஔவை ஏற்கவில்லை. சுந்தராம்பாள் இவ்விரண்டையும் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டுப் பெற்றார். தமிழிசைச் சங்கம் அவருக்கு இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. துணைவன் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. 1970இல் நடுவணரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. பெற்ற பொருளைக் கொண்டு தம் ஊராகிய கொடுமுடியில் ஒரு திரையரங்கு அமைத்தார். 1980ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, குரலால் ஈட்டிய வாழ்வு ஒன்று, எவர் தயவிலும் நில்லாமல் நிறைவெய்தியது.

மேடை தருவோர்க்கும் ஏறுவோர்க்கும்

இவ்வாழ்க்கையை எண்ணிப் பார்க்க ஒரு காரணம் உண்டு. இலக்கிய விழா ஒன்றில் பந்தல் அமைப்பவர் முன்பணம் பெறுகிறார். ஒலிபெருக்கிக்காரர் விழா முடிந்ததும் பணம் எண்ணி வாங்கிக்கொண்டே வண்டி ஏறுகிறார். சமையற்காரர், அச்சகத்தார், மண்டபத்தார் அனைவரும் தத்தம் கூலியைப் பெறுகின்றனர். எந்தக் கவிதைக்காக அவ்விழா கூடியதோ, அந்தக் கவிதையைப் படித்தவர் மட்டும் தோளில் ஒரு பொன்னாடையும் கையில் ஒரு நினைவுப் பரிசுமாகப் பேருந்து நிலையத்தில் நின்று, வழிச்செலவைத் தம் பையிலிருந்து எடுக்கிறார். அழைப்பிதழில் பெயர் வந்ததே, நிகழ்ச்சியின் படம் பரவுமே என்று அவர்க்கு ஆறுதல் சொல்லப்படுகிறது. பொன்னாடையை உடுத்திக்கொள்ள இயலாது என்பதை அனைவரும் அறிவர்.

எல்லா அமைப்பும் செல்வம் உடையனவல்ல. உறுப்பினர் தத்தம் கையிலிருந்து சந்தா சேர்த்து, தாமே நாற்காலி போட்டு, தாமே பாடிக் கேட்டு மகிழும் கூட்டங்கள் தமிழை வளர்த்திருக்கின்றன. அங்கே எவரும் எவரையும் சுரண்டுவதில்லை. கொடுப்போரும் கொள்வோரும் ஒருவரே. சீட்டு விற்கும் விழாவிலும், விளம்பரம் பெறும் விழாவிலும், அரசியலார்க்குக் கூட்டம் சேர்க்கும் விழாவிலும் கலைஞர்க்கு மட்டும் பணம் இல்லை என்று சொல்லும்போதுதான் நீதி தவறுகிறது. கொடுக்க இயலாத அமைப்பு அதனை வெளிப்படையாகச் சொல்லி, வழிச்செலவையேனும் ஏற்று, கலைஞரின் விருப்பத்தைக் கேட்டுப் பெறலாம். கேட்டுப் பெறும் கொடையில் மதிப்பு இருக்கிறது. பெயர் தருகிறோம் என்று சொல்லிக் கொள்வதில் அது இல்லை.

கவிஞர்க்கும் இதில் கடமை உண்டு. தமக்கு மாதச் சம்பளம் வரும் வேறு தொழில் இருப்பதால் பணம் வேண்டாம் என்று ஒருவர் பெருந்தன்மையுடன் மறுக்கும்போது, எழுத்தையும் குரலையும் மட்டுமே நம்பி வாழும் மற்றொருவரின் கூலியும் அங்கே மறுக்கப்படுகிறது. சுந்தராம்பாள் செய்ததைப் போல, கூலியைக் கூலி என்று சொல்லிப் பெற்று, கொடுக்க விரும்பினால் பிறகு கொடுப்பதே முறை. அவ்வாறு கொடுக்கும்போது, இன்ன தொகையை இன்ன பணிக்கு அளித்தார் என்று ஒரு கணக்கு இருக்கும். பின்னால் வருபவர்க்கு அந்தக் கணக்கே வழியாகும்.

காவிரிக் கரையில் ஓடும் வண்டியில் பாடிய சிறுமிக்கு யாரோ கொடுத்த அந்தச் சில்லறைக் காசும், பின்னாளில் அவர் பெற்ற ஓர் இலட்சமும் அளவால் வேறுபட்டவை, தன்மையால் ஒன்றே. அவ்விரண்டையும் பெற்ற கையாலேயே அவர் பொன் தட்டை எடுத்துக் கொடுத்தார்.